போனில் சொன்ன ஊசிக்குக் காலையில் கையெழுத்து இல்லையென்றால் மாட்டுவது யார்?

கேள்வி: தனியார் மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். நைட் டியூட்டியில் டாக்டர் போனில் சொல்வதைக் கேட்டு ஊசி போடுகிறோம். காலையில் கையெழுத்துக் கேட்டால் 'அப்புறம் பார்க்கலாம்' என்று போய்விடுகிறார்கள். ஒருவர் 'நான் அப்படிச் சொல்லவே இல்லையே' என்று சொல்லிவிட்டார். நாளைக்கு ஏதாவது ஆனால் மாட்டுவது நானா, டாக்டரா, மருத்துவமனையா? என்னோடு டியூட்டியில் இருப்பது பெரும்பாலும் ஒரு ட்ரெய்னிப் பெண்தான்.
- ஒரு வாசகி, திருப்பூர்

பதில்: மூன்று பேருமே மாட்டலாம், சிஸ்டர். ஆனால் ஒவ்வொருவரும் மாட்டும் இடம் வேறு.

நஷ்டஈடு என்று வந்தால் பெரும்பாலும் பணம் கட்டுவது மருத்துவமனைதான். பணம் வாங்கிக்கொண்டு தரும் சிகிச்சை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று 1995-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஊழியர் செய்த தவறுக்கு முதலாளியும் பொறுப்பு. டெல்லி ஸ்பிரிங் மெடோஸ் மருத்துவமனை வழக்கைப் பாருங்கள். டைஃபாய்டுக்கு சேர்த்த குழந்தைக்கு எழுதியிருந்தது குளோராம்ஃபெனிகால் என்ற ஆன்டிபயாடிக், நர்ஸ் வாங்கிவரச் சொல்லிப் போட்டது லாரியாகோ, அதாவது மலேரியா மருந்தான குளோரோகுயின். இதயம் நின்று, மூளை நிரந்தரமாகப் பாதிக்கப்பட்டது. குழந்தைக்கு 12.5 லட்சம், பெற்றோருக்கு 5 லட்சம் என்ற தீர்ப்பை 1998-ல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. டாக்டரே போட வேண்டிய ஊசியை நர்ஸ் கையில் விட்டதற்காக அங்கிருந்த டாக்டரும் தப்பவில்லை.

குற்ற வழக்கு என்றால் கதை வேறு. அங்கே உங்களுக்கு பதிலாக நிர்வாகம் வந்து கூண்டில் நிற்காது. அலட்சியத்தால் மரணம் என்ற குற்றம் இப்போது, பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 106-வது பிரிவு, 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கிறது. பதிவு பெற்ற மருத்துவர் சிகிச்சையின்போது செய்தால் அதிகபட்சம் 2 ஆண்டு சிறை, மற்றவர்களுக்கு 5 ஆண்டு வரை. இங்கே 'பதிவு பெற்ற மருத்துவர்' என்றால் மருத்துவப் பதிவேட்டில் பெயர் உள்ளவர் மட்டும்தான். நர்ஸ் அதில் வரமாட்டார். ஒரே கட்டிலருகே நின்று ஒரே தவறைச் செய்தாலும் சட்டம் உங்களுக்குத்தான் கூடுதல் தண்டனை வைத்திருக்கிறது. எனக்கு இதில் நியாயம் தெரியவில்லை, ஆனாலும் இன்றைய நிலை இதுதான். ஒரே ஆறுதல், மருத்துவத் தொழிலில் இருப்பவர்மீது குற்ற வழக்கு நிற்க வேண்டுமென்றால் சாதாரணக் கவனக்குறைவு போதாது, பெரும் அலட்சியம் இருக்க வேண்டும் என்று 2005-ல் ஜேக்கப் மேத்யூ வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது.

சரி, போன் விஷயத்துக்கு வருவோம். டாக்டரின் கையெழுத்து இல்லாதது ஒரு குறைதான், ஆனால் அதைவிட ஆபத்து உங்கள் நோட்ஸ் காலியாக இருப்பது. போனை வைத்த பிறகு ஞாபகத்திலிருந்து எழுதாதீர்கள். அவர் சொல்லச் சொல்ல கேஸ் ஷீட்டில் எழுதி, எழுதியதைத் திருப்பி வாசித்துக் காட்டுங்கள்: நோயாளி பெயர், மருந்து, அளவு, எந்த வழியாக, எத்தனை மணிக்கு. 'சரி' என்று அவர் சொன்ன பிறகு, 'இரவு 1.40, டாக்டர் இன்னார் போனில் சொன்னது, திருப்பி வாசித்து உறுதி செய்யப்பட்டது' என்று எழுதி உங்கள் கையெழுத்தைப் போடுங்கள். ட்ரெய்னிப் பெண்ணையும் ஸ்பீக்கரில் கேட்கவைத்து, கேட்டவர் என்று அவர் பெயரையும் எழுதிவிட்டால் 'நான் சொல்லவே இல்லை' என்று யாரும் அவ்வளவு எளிதில் சொல்லிவிட முடியாது. ஊசி போட்டதும் 'பெட் 7-க்கு நீங்கள் சொன்னபடி போட்டாச்சு சார்' என்று ஒரு மெசேஜ் தட்டிவிடுங்கள், நோயாளி பெயரோ கேஸ் ஷீட் போட்டோவோ அதில் வேண்டாம். காலையில் கையெழுத்து வரவில்லையா, ஹேண்டோவர் புத்தகத்தில் 'கையெழுத்து நிலுவை' என்று எழுதி இன்சார்ஜிடம் காட்டுங்கள். வாய்மொழி ஆர்டருக்கு 24 மணி நேரத்துக்குள் கையெழுத்து என்பதுதான் தர அங்கீகாரம் பெற்ற மருத்துவமனைகளில் வழக்கம், உங்கள் இடத்திலும் எழுத்தில் ஒரு விதி இருக்கிறதா என்று நர்சிங் சூப்பரின்டென்டென்டிடம் கேளுங்கள்.

போனில் காதில் தப்பாக விழும் மருந்துகளில் இன்சுலினுக்குத்தான் நான் அதிகம் பயப்படுவேன். 'ஃபிஃப்டீனா ஃபிஃப்டியா' என்று கேட்க வெட்கப்படாதீர்கள், 'ஒன்று, ஐந்து' என்று எண் எண்ணாகச் சொல்லி உறுதி செய்யுங்கள். எழுதும்போது யூனிட் என்று முழுசாக எழுதுங்கள், ஆங்கில 'யூ' ஓர் எழுத்தை மட்டும் போட்டால் அது பூஜ்ஜியமாகத் தெரிந்து 10 என்பது 100 ஆகிவிடும். சிரிஞ்சையும் பாருங்கள். நம்மூரில் ஒரு மில்லிக்கு 40 யூனிட் உள்ள இன்சுலின் குப்பியும் உண்டு, 100 யூனிட் உள்ளதும் உண்டு. சிவப்பு மூடி சிரிஞ்ச் 40-க்கு, ஆரஞ்சு மூடி 100-க்கு. 100 யூனிட் இன்சுலினை சிவப்பு மூடி சிரிஞ்சில் 10 கோடு வரை இழுத்தால் நோயாளிக்குள் போவது 25 யூனிட். டாக்டர் சரியாகத்தான் சொல்லியிருப்பார், டாக்டர் கையெழுத்துப் போட்டிருந்தாலும் அந்தத் தவறு உங்களுடையதுதான்.

சொன்னது தப்பாகவே தெரிந்தால்? பொட்டாசியம் குளோரைடைக் கலக்காமல் நேராக நரம்பில் தள்ளச் சொன்னால், யார் சொன்னாலும் போடக்கூடாது. மறுபடி கேளுங்கள், அப்போதும் அதையே சொன்னால் இன்சார்ஜிடமோ சீனியர் டாக்டரிடமோ போங்கள், ஏன் நிறுத்தி வைத்தீர்கள் என்று நேரத்தோடு எழுதுங்கள். 'டாக்டர் சொன்னார், போட்டேன்' என்பது முழுப் பாதுகாப்பு இல்லை. மருந்தின் வழக்கமான அளவு உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்றுதான் கோர்ட் எதிர்பார்க்கும்.

இன்னொன்று, நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். விடியற்காலையில் 2 மணி, 4 மணி, 6 மணி பிபியை மொத்தமாக 120/80 என்று நிரப்பும் பழக்கம் பல வார்டுகளில் இருக்கிறது. நோயாளி 5 மணிக்கு இறந்துபோய் சார்ட்டில் 6 மணிக்கு பிபி இருந்தால் எதிர்த்தரப்பு வக்கீலுக்கு வேறு எதுவுமே வேண்டாம். பார்க்காததை எழுதாதீர்கள். எழுத மறந்ததை எப்போது எழுதுகிறீர்களோ அந்த நேரத்தைப் போட்டு 'தாமதப் பதிவு' என்று எழுதுங்கள். தப்பாக எழுதியதை ஒற்றைக் கோடு போட்டு அடித்துப் பக்கத்தில் கையெழுத்து, ஒயிட்னர் வேண்டவே வேண்டாம். வெறும் கவனக்குறைவு வழக்காக முடிய வேண்டியது ஆவணத் திருத்தம், போலி ஆவணம் என்று வளர்வது இப்படித்தான்.

அப்புறம் அந்த ட்ரெய்னிப் பெண். பதிவு இல்லாதவர் கையில் ஊசியைக் கொடுத்துவிட்டு நீங்கள் அடுத்த பெட்டுக்குப் போனால், ஒப்படைத்த பொறுப்பு உங்களோடுதான் இருக்கும். மேலே சொன்ன டெல்லி வழக்கில் நர்ஸ் எந்த கவுன்சிலிலும் பதிவு செய்யாதவர் என்பது பெரிய விஷயமாக வந்தது. வெப்பநிலை பார்ப்பது, படுக்கை மாற்றுவது, நோயாளியைத் திருப்பிப் படுக்கவைப்பது வரை அவரிடம் விடலாம், ஐவி லைன் பக்கம் விடாதீர்கள். இரவில் இத்தனை நோயாளிக்கு நான் ஒருத்திதான் பதிவு பெற்ற நர்ஸ் என்று நிர்வாகத்துக்குத் தேதி போட்டு ஒரு கடிதம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குச் சீல் வாங்கி ஒரு நகலை வீட்டில் வையுங்கள். உங்கள் பதிவு தமிழ்நாடு நர்சிங் கவுன்சிலில் புதுப்பித்த நிலையில் இருக்கிறதா என்பதையும் அதே வாரத்தில் பார்த்துவிடுங்கள்.