எப்சிலான் ஆரிகே: இரண்டு ஆண்டுகள் நீளும் கிரகணம் – கேள்வி பதில்

கேள்வி: தேரோட்டி விண்மீன் குழுவில் இருக்கும் எப்சிலான் ஆரிகே என்ற இந்த இரட்டை விண்மீன் (ஒன்றையொன்று சுற்றும் இரண்டு மீன்கள்) வெறும் கண்ணுக்குத் தெரியுமா? எங்கே தேடுவது?

நன்றாகவே தெரியும். முதலில் அந்தக் குழுவிலேயே பிரகாசமான மீனான கேப்பெல்லாவைப் பிடியுங்கள். மஞ்சள் சாயலோடு பளிச்சென்று இருப்பதால் தவற வாய்ப்பில்லை. கையை நீட்டிப் பிடித்தால் அதிலிருந்து இரண்டு விரல் அகலத்தில் மூன்று மீன்கள் ஒடுங்கிய முக்கோணமாக நிற்கும். கேப்பெல்லாவுக்கு மிக அருகில் உள்ள முனைதான் எப்சிலான். மற்ற இரண்டும் ஈட்டா, ஸீட்டா.

கேள்வி: தொலைநோக்கியில் இரண்டாகப் பிரிந்து தெரியுமா?

தெரியாது, ஒற்றைப் புள்ளிதான்.

கேள்வி: 27 ஆண்டுக்கு ஒருமுறை மங்குகிறது என்கிறார்கள். அவ்வளவு பெரிய மீனை எது மறைக்க முடியும்?

என்னை இந்த மீனோடு கட்டிப்போட்டதே இந்தக் கேள்விதான். நம் கண்ணுக்குத் தெரிவது ஒரு மீப்பெரு விண்மீன். சூரியனைவிடக் குறைந்தது நூறு மடங்கு அகலம். அதன் வெளிச்சம் 2.9 என்ற பொலிவெண்ணிலிருந்து (இந்த எண் கூடக்கூட மீன் மங்கல் என்று பொருள்) 3.8 வரை இறங்குகிறது, அதாவது பாதிக்கும் கீழே. அப்படியே ஓராண்டுக்கு மேல் கிடந்துவிட்டுத்தான் மெல்ல மீள்கிறது. 1821இல் ஜெர்மனியைச் சேர்ந்த வானியல் ஆர்வலர் யோகான் ஃபிரிட்ச் இது மங்கியிருப்பதைக் கவனித்தார். மறைப்பது இன்னொரு மீன் என்றால் அது இதைவிடப் பெரிதாக இருக்க வேண்டும். அப்படியானால் அதன் ஒளி எங்கே? நூறாண்டுக்கு மேல் இந்த முடிச்சு அவிழவில்லை.

1965இல் வானியலாளர் சூ ஷூ ஹுவாங், மறைப்பது மீன் அல்ல, பக்கவாட்டில் நமக்குத் தெரியும் தடித்த வட்டு என்றார். 2009 இறுதியில், கிரகணம் நடந்துகொண்டிருக்கும்போதே, அமெரிக்காவின் மவுண்ட் வில்சனில் உள்ள சாரா (CHARA) என்ற தொலைநோக்கித் தொகுப்பின் ஒளியை ஒன்றிணைத்துப் படம் எடுத்தார்கள். மீனின் வட்டமான முகத்தின் கீழ்ப்பாதியை ஒரு கரிய நீள்பட்டை மெல்ல மெல்ல மூடுவது அதில் தெரிந்தது. அந்தப் படத்தை முதன்முதல் பார்த்தபோது எனக்குக் கை நடுங்கியது. தூசு வட்டின் நடுவே சூடான நீல மீன் ஒன்று ஒளிந்திருக்கிறது.

கேள்வி: தூசு என்றால் மீன் சிவப்பாகத் தெரிய வேண்டாமா, மாலைச் சூரியன் போல?

நல்ல கேள்வி. பொடித் தூசாக இருந்தால் நீலத்தை அதிகமாகத் தடுத்துச் சிவக்க வைத்திருக்கும். இங்கே எல்லா நிறமும் ஏறத்தாழ ஒரே அளவில் மங்குகின்றன. அதனால் துகள்கள் பெரியவை என்று கொள்கிறார்கள்.

கேள்வி: இது சூப்பர்நோவாவாக, அதாவது ஒரேயடியாகச் சிதறி, வெடிக்குமா?

எடையைப் பொறுத்தது; எடைமிக்க மீன்தான் அப்படி வெடிக்கும். அதில்தான் ஆய்வாளர்களிடையே இரு கட்சி. நிஜமாகவே எடைமிக்க மீன் என்று ஒரு தரப்பு. எடையை இழந்து கடைசிக் கட்டத்தில் ஊதியிருக்கும் மெலிந்த மீன் என்று இன்னொரு தரப்பு. தொலைவு துல்லியமாகத் தெரிந்தால்தான் தீரும். நான் இரண்டாவது பக்கம் சாய்கிறேன். வட்டின் நடுவே இருக்கும் துணைமீன் அத்தனை தூசை, இது இழந்ததிலிருந்து அல்லாமல், வேறு எங்கிருந்து சேர்த்திருக்கும்?

கேள்வி: அடுத்த கிரகணம் எப்போது? அதுவரை என்ன செய்வது?

2036இல் தொடங்கும். அதுவரை சும்மா இருக்க வேண்டாம். கிரகணம் இல்லாத காலத்திலும் இது லேசாக ஏறி இறங்கிக்கொண்டே இருக்கிறது. பக்கத்திலேயே ஸீட்டாவும் மீப்பெரு மீன் கொண்ட ஒரு கிரகண இரட்டைதான். 972 நாளுக்கு ஒருமுறை மறைப்பு நடக்கும், ஆனால் கண்ணுக்கு வித்தியாசம் கொஞ்சம்தான்.

பழக ஈட்டாவை அளவுகோலாக வையுங்கள். அதன் பொலிவெண் 3.2. இப்போது எப்சிலான் அதைவிட ஒரு பிடி கூடுதலாகத் தெரியும். 2010இல் நான் பார்த்தபோது தலைகீழ்: ஈட்டா முந்திவிட்டது, எப்சிலான் ஸீட்டாவோடு இணையாக நின்றது. எதையும் உற்றுப் பார்க்காமல் ஒன்றிலிருந்து மற்றதற்குக் கண்ணை மாற்றி மாற்றி ஓட்டினேன். முதல் நாள் நம்பவில்லை. அப்புறம் மூன்று இரவு தொடர்ந்து பார்த்தும் அப்படியேதான். தேதி, நேரம், எது பிரகாசம், இந்த மூன்றையும் குறித்து வைத்தாலே போதும்.