பாரிஸில் வாங்கும் சிம் சுவிஸில் செல்லுமா?

நாங்கள் நால்வர், 14 நாள் பயணம். பாரிஸில் இறங்கி, சுவிட்சர்லாந்தில் நான்கு நாள், பிறகு மிலன், வெனிஸ், ரோம். 'பாரிஸில் ஒரு சிம் வாங்கினால் ஐரோப்பா முழுக்க ஓடும், கவலையே வேண்டாம்' என்கிறார் டிராவல்ஸ்காரர். நம்பலாமா? – கோவை வாசகர்

பிரான்ஸுக்கும் இத்தாலிக்கும் அவர் சொல்வது சரி. நடுவில் வரும் சுவிட்சர்லாந்துக்குச் சரியில்லை.

2017 ஜூன் 15 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் ஒரு சட்டம் இருக்கிறது. ஓர் உறுப்பு நாட்டில் வாங்கிய சிம்மை இன்னொரு உறுப்பு நாட்டில் பயன்படுத்தினால் (இதுதான் ரோமிங்) உள்ளூர்க் கட்டணம்தான். 2032 வரை அதை நீட்டித்தும் விட்டார்கள். ஒன்றியத்தின் 27 நாடுகளோடு நார்வே, ஐஸ்லாந்து, லீக்டன்ஸ்டைன் மூன்றுக்கும் இது பொருந்தும். சுவிட்சர்லாந்து இந்தப் பட்டியலில் இல்லை. ஷெங்கன் விசாவில் சுவிஸ் இருக்கிறதே என்று கேட்கலாம். விசா ஒப்பந்தம் வேறு, ரோமிங் சட்டம் வேறு. நம்மவர்கள் ஏமாறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

பிரான்ஸில் வாங்கிய, சுவிஸ் சேராத சாதாரண ப்ரீபெய்டு சிம்மோடு ஜெனீவாவில் இறங்கினால் இரண்டில் ஒன்று நடக்கும். டேட்டா அப்படியே நின்றுவிடும். இல்லையென்றால் சிம்மில் உள்ள இருப்பைத் தனிக் கட்டணத்தில் சில நிமிடங்களில் விழுங்கிவிடும். நீங்கள் எல்லையைத் தாண்டவே வேண்டாம். ஜெனீவாவை ஒட்டிய பிரெஞ்சு ஊர்களிலும் இத்தாலியின் கோமோ ஏரிப் பக்கத்திலும் சுவிஸ் டவர் பலமாக இருந்தால் போன் தானாக அதில் போய் ஒட்டிக்கொள்ளும். அந்தப் பகுதிகளில் செட்டிங்ஸில் நெட்வொர்க் தேர்வை 'ஆட்டோமேட்டிக்'கில் இருந்து எடுத்து, பிரெஞ்சு அல்லது இத்தாலிய நிறுவனத்தின் பெயரைக் கையால் தேர்ந்தெடுங்கள். அங்கிருந்து கிளம்பும்போது மறக்காமல் திரும்ப ஆட்டோமேட்டிக்கில் போடுங்கள். மறந்தால் அடுத்த நாட்டில் சிக்னலே வராது, சிம் கெட்டுவிட்டது என்று நினைத்துக்கொள்வீர்கள்.

உங்கள் பாதைக்கு ஏற்றது, சுற்றுலாப் பயணிகளுக்கென்றே விற்கும் ப்ரீபெய்டு கார்டு அல்லது பல நாட்டு ஈ-சிம் (அட்டை இல்லாமல் போனிலேயே ஏற்றிக்கொள்ளும் சிம்). இவற்றில் பலவற்றில் சுவிஸும் பிரிட்டனும் சேர்ந்தே வரும். அட்டையில் 'யூரோப்' என்று போட்டிருப்பதையோ '30-க்கும் மேற்பட்ட நாடுகள்' என்று போட்டிருப்பதையோ வைத்து வாங்காதீர்கள். நாடுகளின் பெயர்ப் பட்டியலைத் திறந்து சுவிட்சர்லாந்து என்ற சொல்லைக் கண்ணால் பாருங்கள். இல்லையா, அந்தத் திட்டத்தை விட்டுவிடுங்கள்.

அளவைப் பொறுத்தவரை, வரைபடம், வாட்ஸ்அப் செய்தி, படம் அனுப்புதல், இரவில் வீட்டுக்கு ஒரு வீடியோ அழைப்பு என்று இருப்பவருக்கு நாளொன்றுக்கு அரை ஜிபி போதும். 14 நாளுக்கு 7 ஜிபி ஆகும், 10 ஜிபி வாங்குங்கள். ரீல்ஸ் பார்க்கும் பிள்ளைகளுக்கு இந்தக் கணக்கு உதவாது, 20 ஜிபி போட்டுவிடுங்கள். நால்வருக்கு ஒரே சிம் வாங்கி ஹாட்ஸ்பாட்டில் ஓட்டுவதை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். மதியத்துக்குள் அந்தப் போனின் பேட்டரி தீர்ந்துவிடும். ரோம் ரயில் நிலையத்தில் ஒருவர் கழிப்பறை தேடிப் போனால் மற்ற மூவரும் தொடர்பில்லாமல் நிற்பார்கள். சில திட்டங்களில் ஹாட்ஸ்பாட்டுக்கு அனுமதியும் இல்லை. குறைந்தது இரண்டு வாங்குங்கள். அதில் ஒன்றாவது பேசும் எண்ணோடு இருக்கட்டும், பயண ஈ-சிம்களில் பெரும்பாலானவை டேட்டா மட்டும்தான்.

'அன்லிமிடெட்' என்றால் தினசரி வரம்பு எவ்வளவு என்று தேடுங்கள். நாளுக்கு 1 ஜிபி அல்லது 2 ஜிபி வரை வேகம், அதன்பின் ஆமை நடை என்பதே பல திட்டங்களில் அதற்குப் பொருள்.

பிரான்ஸில் படிக்கும் மகன் மாதம் 20 யூரோவுக்கு 100 ஜிபி திட்டம் வைத்திருக்கிறான். ஸ்பெயின் போனதும் '30 ஜிபிதான் ரோமிங்கில்' என்று எஸ்எம்எஸ். உள்ளூர்க் கட்டணம்தான் என்று சட்டம் சொல்லும்போது இது மோசடி இல்லையா? – திருச்சி வாசகி

மோசடி இல்லை, அந்த 30-க்குக் கணக்கு இருக்கிறது. ஸ்பெயினில் உங்கள் மகன் ஒரு ஜிபி பயன்படுத்தினால் பிரெஞ்சு நிறுவனம் ஸ்பானிய நிறுவனத்துக்கு மொத்த விலை (நிறுவனங்கள் தங்களுக்குள் கொடுக்கும் விலை) கொடுக்க வேண்டும். அதற்கு ஒன்றியம் உச்சவரம்பு வைத்திருக்கிறது: 2022-இல் ஜிபிக்கு 2 யூரோ, 2025-இல் 1.30, 2026-இல் 1.10, 2027-இல் 1 யூரோ. உள்நாட்டில் ஜிபி இந்த விலையைவிட மலிவாகக் கிடைக்கும் திட்டங்களில், ரோமிங் டேட்டாவுக்கு வரம்பு போட நிறுவனத்துக்கு உரிமை உண்டு. ஆனால் இஷ்டம்போலக் குறைக்க முடியாது. வரி நீங்கிய கட்டணத்தை மொத்த விலையால் வகுத்து, இரண்டால் பெருக்க வேண்டும்.

20 யூரோவில் அடங்கியுள்ள 20 சதவீத பிரெஞ்சு வரியை நீக்கினால் (20-ஐ 1.20 ஆல் வகுத்தால்) 16.67. அதை 2026-இன் 1.10 ஆல் வகுத்தால் 15.15, இரண்டால் பெருக்கினால் 30.3 ஜிபி. உங்கள் மகனுக்கு வந்த எஸ்எம்எஸ் சரிதான். 30 தாண்டினாலும் இணைப்பை வெட்டக்கூடாது. ஜிபிக்கு அதே 1.10 யூரோவும் வரியும் சேர்த்து 1.32 வரைதான் வாங்கலாம்.

சுற்றுலா போகிறவர்களும் இதைக் கவனியுங்கள். கடைக்காரர் காட்டும் பெரிய எண் உள்நாட்டு அளவு. உங்களுக்கு வேண்டியது அதன் கீழே பொடி எழுத்தில் இருக்கும் ரோமிங் அளவு. ப்ரீபெய்டில் நிறுவனம் வேறொரு கணக்கைப் பின்பற்றி இன்னும் குறைவாகத் தரவும் சட்டம் இடம் தருகிறது. அதனால் 'ஐரோப்பாவில் எத்தனை ஜிபி?' என்று தனியாகக் கேட்டு வாங்குங்கள்.

பாரிஸ் சிம்மில் பாரிஸில் இருந்தபடியே பெர்லின் ஹோட்டலை அழைத்தேன். காசு போய்விட்டது. பெர்லின் போன பிறகு அதே எண்ணை அழைத்தால் காசு போகவில்லை. ஏன்? – சென்னை வாசகர்

முதல் அழைப்பு ரோமிங் இல்லை. பிரான்ஸில் இருந்துகொண்டு ஜெர்மனிக்குச் செய்த வெளிநாட்டு அழைப்பு. அதற்குத் தனிச் சட்டம்: 2019 மே 15 முதல் அதிகபட்சம் நிமிடத்துக்கு 19 சென்ட், எஸ்எம்எஸ்ஸுக்கு 6 சென்ட், வரி தனி. பெர்லினுக்குள் நீங்கள் நுழைந்ததும் அது ரோமிங் அழைப்பாகி, உங்கள் திட்டத்தின் நிமிடங்களில் கழிந்துவிட்டது. கேட்கக் கோணலாகத்தான் இருக்கும். சொந்த ஊரில் இருந்து பேசினால் காசு, வெளியூர் போய்ப் பேசினால் இலவசம்! அடுத்த நாட்டு ஹோட்டலை வாட்ஸ்அப்பிலோ மின்னஞ்சலிலோ பிடியுங்கள். இந்தியாவுக்கான அழைப்புகள் இந்த இரண்டு சட்டத்திலும் வராது.

அக்கா பாரிஸில், தம்பி சூரிச்சில், சித்தி லண்டனில். மூன்று இடமும் போய் இரண்டு மாதம் நிற்கப்போகிறேன். பாரிஸ் லா ஷப்பேல் பகுதிக் கடைகளில் மலிவாக சிம் எடுக்கலாம் என்று அக்கா சொல்கிறா. ஊருக்கும் கதைக்க வேணும். – யாழ்ப்பாண வாசகி

எடுக்கலாம். லா ஷப்பேல் தமிழ்க் கடைகளில் லைக்கா, லெபாரா இரண்டும் கிடைக்கும். லெபாரா 2001-இலும் லைக்கா 2006-இலும் தொடங்கியவை. இரண்டையும் தொடங்கியவர்கள் இலங்கைத் தமிழர்கள். புலம்பெயர்ந்தவர்கள் ஊருக்குக் குறைந்த செலவில் கதைக்க வேண்டும் என்பதே இவற்றின் ஆரம்ப வியாபாரம், அதனால் வெளிநாட்டு நிமிடங்கள் உள்ள திட்டங்களை இவற்றில் தேடலாம். அந்த நாடுகளின் பட்டியலில் இலங்கை இருக்கிறதா, இருந்தால் மொபைல் எண்ணுக்கும் சேர்த்தா, லேண்ட்லைனுக்கு மட்டுமா என்று பாருங்கள். பாஸ்போர்ட்டைக் கையோடு கொண்டு போங்கள்.

சிக்கல் உங்கள் பாதையில் இருக்கிறது. மூன்று வீட்டில் பாரிஸ் ஒன்றுதான் ஒன்றியத்துக்குள். சூரிச் எப்போதுமே வெளியே. லண்டன் ஒன்றியத்தை விட்டுப் பிரிந்தபின் வெளியே. மூன்றுக்கும் ஒரே சிம் தேட வேண்டாம், நீங்கள் நிற்பது உறவினர் வீட்டில், அங்கே வைஃபை இருக்கும். பாரிஸுக்கு லா ஷப்பேல் சிம். சூரிச்சுக்கு 3 ஜிபி அளவில் சுவிஸ் ஈ-சிம் ஒன்று போதும், வெளியில் போகும்போது மட்டும் தேவைப்படும். லண்டனில் ப்ரீபெய்டு சிம் வாங்க அடையாள ஆவணம் கேட்பதில்லை, சூப்பர்மார்க்கெட்டிலேயே எடுக்கலாம்.

லண்டனில் முதலில் இறங்கி அந்த சிம்மோடு பாரிஸ் போக நினைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஐரோப்பிய ரோமிங்கை உள்ளூர்க் கட்டணத்தில் தர வேண்டும் என்ற கட்டாயம் பிரிட்டிஷ் நிறுவனங்களுக்கு இப்போது இல்லை. ஈஈ, வோடஃபோன், த்ரீ மூன்றும் 2022-இல் புதிய வாடிக்கையாளர்களுக்கு ஐரோப்பிய ரோமிங்கில் நாள் கட்டணத்தைத் திரும்பக் கொண்டு வந்தன. திட்டத்துக்குத் திட்டம் மாறும், கேட்டுவிட்டு வாங்குங்கள்.

இந்திய எண்ணுக்கு வங்கி ஓடிபி வர வேண்டும், டேட்டா ஈ-சிம்மில் ஓட வேண்டும். எப்படி அமைப்பது? – மதுரை வாசகர்

முதலில் போனில் \*#06# அழுத்துங்கள். திரையில் ஈஐடி என்று நீளமான எண் வந்தால் போன் ஈ-சிம் ஏற்கும். ஐபோனில் 2018-இல் வந்த எக்ஸ்எஸ், எக்ஸ்ஆர் முதல் இந்த வசதி உண்டு, சீனாவுக்கென்று தயாரித்தவை பெரும்பாலும் விதிவிலக்கு. வெளிநாட்டு நிறுவனத்திடம் தவணையில் வாங்கிய போன் என்றால் பூட்டு இருக்கிறதா என்று பாருங்கள், பூட்டிய போனில் வேறு சிம் ஓடாது.

ஈ-சிம்மை வீட்டு வைஃபையிலேயே ஏற்றிவிடுங்கள். ஏற்ற இணையம் வேண்டும், விமான நிலைய வைஃபையை நம்பி க்யூஆர் குறியோடு நிற்கக் கூடாது. ஆனால் நாள் கணக்கு எப்போது தொடங்குகிறது என்று முன்பே படியுங்கள். ஐரோப்பிய நெட்வொர்க்கைத் தொட்டதும் தொடங்கும் திட்டமானால் ஒரு வாரம் முன்பே ஏற்றலாம். ஏற்றியவுடன் தொடங்கும் திட்டமானால் கிளம்பும் நாளில்தான் ஏற்ற வேண்டும். க்யூஆர் குறி பெரும்பாலும் ஒரே தடவைதான் செல்லும், ஈ-சிம்மை 'சரிசெய்கிறேன்' என்று அழித்துவிட்டால் திரும்ப வராது. அந்தக் குறி உங்கள் போனிலேயே இருந்தால் அதே போனால் எப்படி ஸ்கேன் செய்வீர்கள்? ஒரு தாளில் அச்செடுத்துக்கொள்ளுங்கள்.

இந்திய சிம்மில் வெளிநாட்டு ரோமிங்கைப் புறப்படும் முன் நிறுவனத்தின் ஆப்பில் திறக்க வேண்டும். திறக்காமல் போனால் பாரிஸில் 'நோ சர்வீஸ்' என்று நிற்கும், ஓடிபியும் வராது. வரும் எஸ்எம்எஸ்ஸுக்கும் வரும் அழைப்புக்கும் என்ன கட்டணம் என்று அங்கேயே பாருங்கள். தெரியாத எண்ணின் அழைப்பை எடுத்தால்கூடக் காசு போகலாம்.

இறங்கியதும் செய்ய வேண்டிய அமைப்பு இது. மொபைல் டேட்டா: ஈ-சிம். டேட்டா ரோமிங்: ஈ-சிம்மில் ஆன், இந்திய சிம்மில் ஆஃப். ஈ-சிம் வேலை செய்யவில்லை என்று வரும் புகார்களில் முதலில் பார்க்க வேண்டியது இந்த ஒரு பொத்தானைத்தான். பல நாட்டு ஈ-சிம் பெரும்பாலும் எந்த நாட்டிலும் ரோமிங்கில்தான் ஓடும், ரோமிங் ஆஃப் என்றால் டவர் காட்டும், இணையம் வராது. அப்போதும் வராவிட்டால் விற்றவர் அனுப்பிய ஏபிஎன் (APN, இணைய இணைப்புக்கான அமைப்பு) பெயரை செட்டிங்ஸில் கையால் போடுங்கள். ஐபோனில் 'மொபைல் டேட்டா மாற அனுமதி' என்று ஒன்று இருக்கும், அதை அணையுங்கள். அது ஆனில் இருந்தால் ஈ-சிம் சிக்னல் குறையும்போது போன் இந்திய சிம்முக்குத் தாவப் பார்க்கும்.

வாட்ஸ்அப் 'எண்ணை மாற்றவா?' என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள், பழைய எண்ணிலேயே ஓடும். கூகுள் போட்டோஸ், ஐகிளவுட் பேக்கப்பை வைஃபையில் மட்டும் என்று மாற்றுங்கள். ஈஃபில் கோபுரத்தடியில் எடுத்த வீடியோக்கள் ஒரே இரவில் 3 ஜிபியை மேலே ஏற்றிவிடும். போகும் ஊர்களின் வரைபடங்களை ஆஃப்லைனில் இறக்கி வையுங்கள்.

இன்னொன்று, பிளாஸ்டிக் சிம் வாங்கினால் பெரும்பாலும் போனை அணைத்துப் போடும்போதெல்லாம் நான்கு இலக்க ரகசிய எண் (PIN) கேட்கும். சிம்மை உடைத்தெடுத்த அட்டையில் அச்சிட்டிருப்பார்கள். மூன்று முறை தவறினால் பூட்டிக்கொள்ளும், பிறகு பூட்டைத் திறக்க அதே அட்டையில் உள்ள பக் (PUK) எண் வேண்டும். அட்டையைப் படமெடுத்து உடன் வருபவரின் போனுக்கு அனுப்பிவிட்டுத் தூக்கிப் போடுங்கள்.

ஜெர்மனியில் சூப்பர்மார்க்கெட்டில் சிம் மலிவு என்கிறார்களே? – சேலம் வாசகர்

விலை மலிவுதான். ஆனால் அங்கே 2017 ஜூலை முதல் அடையாளத்தைச் சரிபார்க்காமல் ப்ரீபெய்டு சிம் இயங்காது. சூப்பர்மார்க்கெட் சிம்மை வாங்கிய பின் வீடியோ அழைப்பிலோ தபால் நிலையத்திலோ பாஸ்போர்ட்டைக் காட்ட வேண்டியிருக்கும், விலாசமும் கேட்பார்கள். வீடியோவில் எல்லா நாட்டுப் பாஸ்போர்ட்டையும் ஏற்பதில்லை. ஐந்து நாள் சுற்றுலாவுக்கு அது தலைவலி. நிறுவனத்தின் சொந்தக் கடையில் வாங்கி, அங்கேயே இயக்கச் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை இறங்குகிறவர்கள் ஜாக்கிரதை, கடைகள் மூடியிருக்கும், ரயில் நிலையமும் விமான நிலையமும்தான் கதி. பாதை நெதர்லாந்தில் தொடங்கினால் அங்கே ப்ரீபெய்டுக்குப் பதிவே இல்லை.

இத்தாலியில் இருந்து கிரீஸுக்கு இரவுக் கப்பல். சிம் வேலை செய்யுமா? – புதுச்சேரி வாசகர்

துறைமுகம் கண்ணில் படும்வரை கரை டவர். நடுக்கடலில் கப்பலின் சொந்த நெட்வொர்க் போனைப் பிடித்துக்கொள்ளும். அது செயற்கைக்கோள் வழி வருவது, இரண்டு கரையும் ஒன்றிய நாடுகளாக இருந்தாலும் உள்ளூர்க் கட்டணச் சட்டம் அதற்குப் பொருந்தாது. ஐரோப்பிய சிம்மில் 50 யூரோ தாண்டும்போது டேட்டாவை நிறுத்தும் ஏற்பாடு உண்டு. இந்திய சிம்முக்கு அந்தச் சட்டம் காவலுக்கு வராது. கப்பல் கிளம்பியதும் ஏரோபிளேன் மோடில் போட்டு, கப்பல் வைஃபை வேண்டுமானால் அதை மட்டும் திறந்து, கிரீஸின் பத்ராஸ் போன்ற துறைமுகத்தில் கால் வைத்த பிறகு மோடை எடுங்கள்.