மகளின் தத்துவப் பாடங்கள் வீண்செலவா?

அண்ணே, மகளுக்குப் பிலிப்பைன்ஸில் உள்ள அத்தேனியோ டி மணிலா பல்கலைக்கழகத்தில் மேலாண்மைப் படிப்பு கிடைத்தும், தத்துவம், இறையியலுக்கு எதற்குக் காசு என்று கேட்டிருக்கிறீர்கள். மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து பிள்ளையை அனுப்பும் கவலை நியாயம்தான்.

ஆனால் வெட்டிச் செலவு என்று நினைக்காதீர்கள். 1859-இல் கத்தோலிக்கத் துறவிகளான இயேசு சபையினர் தொடங்கிய இடம் அது. எந்தத் துறை மாணவரும் இவற்றைப் படித்தே ஆக வேண்டும். மதம் மாற்றும் வகுப்பு இல்லை, வாசித்து, எழுதி, வாதாடும் வகுப்பு.

நான் இங்கே செம்பனை (பாமாயில்) ஆலையில் ஆள் எடுப்பவன். கணக்கில் புலிகள் நிறைய வருகிறார்கள். கழிவுநீர் நாற்றம் பற்றித் தோட்டத்து மக்கள் புகார் கொடுத்தால் என்ன பதில் எழுதுவாய் என்று கேட்டால், பலருக்குப் பேனா நகராது. யார் பக்கம் நியாயம் என்று யோசித்து எழுத வேண்டுமே! அந்தப் பழக்கம் இந்தப் பாடங்களில்தான் வரும்.

அப்புறம், கட்டணம் கட்டுமுன் எம்கியூஏ (மலேசியத் தகுதி முகமை) அங்கீகாரத்தைப் பார்த்துவிடுங்கள்.