தமிழ் புக் ஏன் ரெண்டு மூலையில இருக்கு?

கேள்வி: நான் எம்.ஏ தமிழ் படிக்கிறேன். எங்க காலேஜ் லைப்ரரில இலக்கண புக் எல்லாம் ஒரு மூலையில, சங்க இலக்கிய உரை ஹாலோட அந்தக் கடைசில. ரெண்டுமே தமிழ் தானே? பேசாம பேர் வச்சு அகர வரிசைல அடுக்கிட்டா என்ன? – மாணவி, திருச்சி

பதில்: உங்க கோபம் நியாயம் தாங்க, ஆனா அது உங்க லைப்ரரியன் பண்ண வேலை இல்ல. அமெரிக்க லைப்ரரியன் மெல்வில் டூயி 1876ல கொண்டு வந்த, புக்குக்கு விஷயம் வாரியா நம்பர் போடுற தசம பகுப்பு முறை தான் நம்ம ஊர்ல நிறைய காலேஜ்ல ஓடுது, அதுல மொழிக்கு 400, இலக்கியத்துக்கு 800னு தனித்தனியா போட்டுட்டாங்க, அதனால தமிழ் மொழி 494.811, தமிழ் இலக்கியம் 894.811, நடுவுல பிசிக்ஸ், மருத்துவம், சமையல், ஓவியம்னு அத்தனையும் வந்து உக்காந்துடுச்சு.

அகர வரிசைன்னா இன்னும் கஷ்டம். இலக்கணம்னு பேர் ஆரம்பிச்சா 'இ'ல, தொல்காப்பிய ஆய்வுன்னா 'தொ'ல, ஒரே விஷயம் பத்து ரேக்ல சிதறிடும். இப்போ ஒரு புக் தேடிப் போனா பக்கத்துலயே அதே விஷயத்துல நாலு புக் கண்ணுல படுதே, அது போயிடும்.

இதுக்கு நம்ம ஆளு ஒருத்தர் நல்ல வழி சொன்னாரு. சீர்காழில பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன், கணக்கு வாத்தியாரா இருந்து 1924ல மெட்ராஸ் யூனிவர்சிட்டி லைப்ரரியன் ஆனவர். லண்டன்ல படிக்கிறப்போ செல்ஃப்ரிட்ஜஸ் கடைல மெக்கானோ பொம்மை செட் பாத்திருக்காரு, அதே பட்டையையும் போல்ட்டையும் மாத்தி மாத்தி மாட்டினா வேற வேற பொம்மை வருது, அதுலேர்ந்து தான் விஷயத்தோட பகுதிகள ஒண்ணா மாட்டி நம்பர் கட்டுற கோலன் பகுப்பு யோசனை வந்து 1933ல புக்காவே போட்டாரு. அதுல இலக்கியத்துக்கு இங்கிலீஷ் எழுத்து ஓ, அடுத்த எழுத்து பி மொழியியலுக்கு, தமிழுக்கு 31. ஆக ஓ31, பி31, அடுத்தடுத்த வகுப்பு. தமிழ்த் துறைக்கு இது தான் பொருத்தம்னு நான் அடிச்சு சொல்வேன். ஆனா டூயி நம்பர் மத்த லைப்ரரி கேட்டலாக்லயே ரெடியா கிடைக்குது, கோலன்னா பெரும்பாலும் நாமளே உக்காந்து கட்டணும், அதான் அது குறைஞ்சு போச்சு.

தேடும்போது ஒண்ணு கவனிங்க. புள்ளிக்கு அப்புறம் வர்றது முழு எண் இல்ல, தசமம். தமிழ் இலக்கணம் 494.8115, மலையாளம் 494.812. 8115 பெருசாச்சேன்னு மலையாளத்துக்கு அந்தப் பக்கம் போய் தேடாதீங்க, ஒவ்வொரு இலக்கமா பாருங்க, தமிழ் தான் முதல்ல வரும். அப்புறம் ஒரு பீரோல மேல் தட்டுலேர்ந்து கீழ் தட்டு வரைக்கும் முடிச்சுட்டு தான் அடுத்த பீரோ, நிறைய பேர் ஒரே தட்டு உயரத்துலயே நேரா நடந்து போயிடுறாங்க.

கேள்வி: படிச்ச புக்க நாங்களே ரேக்ல வச்சா ஏன் திட்டுறாங்க? – மாணவர், மதுரை

பதில்: ஒரு தட்டு மாறி வச்சா கூட கம்ப்யூட்டர்ல 'இருக்கு'ன்னு தான் காட்டும், தேடி வர்றவங்க கைக்கு கிடைக்காது. ஸ்டாஃப் வரிசை சரி பாக்குற வரைக்கும் அது தொலைஞ்ச கணக்கு தான். டேபிள்லயே விட்டுட்டு போங்க.