இந்தியா எத்தனையாவது இடம் என்பதைக் கடைசியில் பாருங்கள்

கேள்வி: எங்கள் ஊர் நூலக வாசகர் வட்டத்தில் மாதம் ஒரு கூட்டம் நடத்துகிறோம். அடுத்த கூட்டத்தில் பட்டினிக் குறியீடு, சுற்றுச்சூழல் குறியீடு, பத்திரிகைச் சுதந்திரக் குறியீடு போன்ற அறிக்கைகளைப் பற்றிப் பேசும் பொறுப்பு என் தலையில் விழுந்திருக்கிறது. எடுத்துப் பார்த்தால் பக்கம் பக்கமாகப் போகிறது. "அறிக்கையே சொல்லிவிட்டது" என்று ஒருவர் சொல்வார், "எல்லாம் வெளிநாட்டுக்காரன் வேலை" என்று இன்னொருவர் மடக்குவார். நான் எங்கிருந்து படிப்பது, எதை நம்புவது?

பதில்: முதல் பக்கத்திலிருந்து படிக்காதீர்கள், பின்னாலிருந்து வாருங்கள். முன்னால் இருக்கும் சுருக்கம் பெரும்பாலும் செய்தியாளர்களை மனதில் வைத்து எழுதப்படுவது. படங்கள், வரைபடம், தரவரிசை எல்லாம் அங்கே இருக்கும். சரக்கு இருப்பது "ஆய்வு முறை" என்ற பகுதியிலும் பின்னிணைப்பு அட்டவணைகளிலும்தான். அங்கே போய் மூன்றைத் தேடுங்கள்: எதை எதைக் கூட்டி இந்த மதிப்பெண் வந்தது, ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு எடை (அதாவது மதிப்பெண்ணில் எவ்வளவு பங்கு), அந்த எண் எந்த வருடத்தில் யார் எடுத்தது. இது தெரிந்துவிட்டால் உங்கள் கூட்டத்தில் பாதிச் சண்டை அடங்கிவிடும்.

பட்டினிக் குறியீட்டையே எடுப்போம், ஏனென்றால் அதில்தான் குழப்பம் அதிகம். வெளியிடுபவர்களில் முக்கியமானவர்கள் கன்சர்ன் வேர்ல்டுவைட், வெல்ட்ஹுங்கர்ஹில்ஃபே என்ற இரு ஐரோப்பியத் தொண்டு நிறுவனங்கள். 2023-ல் இந்தியா 125 நாடுகளில் 111-வது, 2024-ல் 127 நாடுகளில் 105-வது. ஆறு இடம் முன்னேறிவிட்டோம் என்று சொல்லத் தோன்றும். ஆனால் உள்ளே இருக்கும் நான்கு எண்களைப் பாருங்கள். போதிய கலோரி கிடைக்காத மக்கள் 16.6 சதவீதத்திலிருந்து 13.7 ஆகக் குறைந்திருக்கிறார்கள், ஐந்து வயதுக்குள் இறக்கும் குழந்தைகள் 3.1-லிருந்து 2.9. மற்ற இரண்டும், அதாவது வயதுக்கேற்ற உயரம் இல்லாத குழந்தைகள் 35.5 சதவீதம், உயரத்துக்கேற்ற எடை இல்லாத குழந்தைகள் 18.7 சதவீதம், இரண்டு வருடமும் அப்படியே. குழந்தைகள் ஒரே இடத்தில் நின்றுவிட்டார்கள் என்று இதற்கு அர்த்தமில்லை. இந்த இரண்டும் 2019-21-ல் எடுத்த ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்விலிருந்து வந்தவை, இந்த இரண்டு அறிக்கைகளும் வரும் வரை புதிய எண் கிடைக்கவில்லை, அவ்வளவுதான். வருடா வருடம் வரும் அறிக்கை என்பதால் உள்ளே இருப்பதெல்லாம் அந்த வருடத்துச் செய்தி என்று நினைத்துக்கொள்கிறோம். அது அப்படி இல்லை. போன வருட அறிக்கையோடு இந்த வருட அறிக்கையை ஒப்பிடாதீர்கள் என்று அதை வெளியிடுபவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். ஒப்பிடவென்று ஒவ்வொரு அறிக்கையிலும் சில பழைய வருடங்களுக்கு ஒரே முறையில் கணக்கிட்ட மதிப்பெண் தருகிறார்கள், அதை யாரும் தலைப்பாகப் போடுவதில்லை. இன்னொன்று, இதில் மதிப்பெண் குறைந்தால்தான் நல்லது. சுற்றுச்சூழல், பத்திரிகைச் சுதந்திரக் குறியீடுகளில் கூடினால் நல்லது. மேடையில் நின்று தலைகீழாகச் சொல்லிவிடாதீர்கள்.

"வெளிநாட்டுக்காரன் வேலை" என்பவருக்கு வருவோம். மேலே சொன்ன 18.7 யாருடைய எண்? நம் சுகாதார அமைச்சகத்துக்காக மும்பையில் உள்ள சர்வதேச மக்கள்தொகை அறிவியல் நிறுவனம் நடத்திய ஆய்வின் எண். அதில் 19.3 என்று இருந்தது, யுனிசெஃபும் உலக சுகாதார அமைப்பும் உலக வங்கியும் சேர்ந்து தங்கள் முறையில் கணக்கிட்டபோது 18.7 ஆகச் சற்றுக் குறையவே செய்தது. இதற்கு எதிராக 2023-ல் மத்திய அரசு காட்டியது போஷன் டிராக்கர் என்ற தன் செயலியை. அதில் மாதா மாதம் 7.2 சதவீதத்துக்குக் கீழேதான் இருக்கிறது என்றார்கள். 18.7 எங்கே, 7.2 எங்கே! ஒருவர் பொய் சொல்கிறார் என்று முடிவு கட்டத் தேவையில்லை. போஷன் டிராக்கர் அங்கன்வாடியில் பதிவாகி அங்கே எடை பார்த்த குழந்தைகளின் கணக்கு, குடும்ப நல ஆய்வோ வீடுகளை மாதிரியாகத் தேர்ந்தெடுத்து ஆள் அனுப்பி அளந்த கணக்கு. யாரை எண்ணினார்கள் என்பதே வேறு. என்னைக் கேட்டால், ஒரு நாட்டின் நிலையைச் சொல்ல இரண்டாவதைத்தான் எடுப்பேன். முதலாவது அங்கன்வாடி வேலையைக் கண்காணிக்க நல்ல கருவி.

அரசின் மறுப்பையும் கட்டாயம் படியுங்கள், பத்திரிகைத் தகவல் அலுவலகத்தின் தளத்தில் கிடைக்கும். சில சரி, சில சரியில்லை. நான்கில் மூன்று அளவுகள் குழந்தைகளைப் பற்றியவை, அதை வைத்து மொத்த நாட்டின் பட்டினி என்று பெயர் வைக்கலாமா என்ற கேள்வி நியாயமானது. பெயர்தான் பெரிசு. ஆனால் 2021-ல், நான்கே கேள்விகள் கொண்ட தொலைபேசிக் கருத்துக்கணிப்பை வைத்துக் கணக்கிட்டார்கள் என்று அரசு சொன்னது பொருந்தவில்லை. நாங்கள் எடுப்பது அதை அல்ல, நாட்டின் உணவு உற்பத்தி, இருப்பு போன்ற கணக்குகளிலிருந்து ஐ.நா. உணவு வேளாண் அமைப்பு செய்யும் மதிப்பீட்டை என்று வெளியிட்டவர்கள் விளக்கினார்கள்.

சுற்றுச்சூழல் குறியீட்டில் நிலைமை வேறு, அங்கே அரசுத் தரப்புக்கு வலு கொஞ்சம் கூடுதல். அமெரிக்காவின் யேல், கொலம்பியா பல்கலைக்கழகங்கள் வெளியிடும் இந்த அறிக்கையில் 2022-ல் 180 நாடுகளில் இந்தியா 180-வது, மதிப்பெண் 18.9. அந்த முறை, 2050-ல் ஒரு நாடு எவ்வளவு பசுங்குடில் வாயு வெளியிடும் என்ற கணிப்பையும் ஒரு அளவாக, அதுவும் கனமான அளவாக, சேர்த்தார்கள். கடந்த பத்து வருட வேகம் அப்படியே நீடித்தால் எங்கே போய் நிற்கும் என்ற கணக்கு அது. இப்போதுதான் மின்சாரமும் ஆலையும் பெருகும் நாடு இந்தக் கணக்கில் அடிவாங்கும், ஏற்கெனவே உச்சம் தொட்டு இறங்கும் பணக்கார நாடு மேலே போகும். ஒரு தலைக்கு எவ்வளவு வெளியிடுகிறோம் என்பதற்கு எடை குறைவு என்று சுற்றுச்சூழல் அமைச்சகம் சொன்னதும் சரியான வாதமே. ஆனால் அதைச் சாக்காக வைத்து மொத்த அறிக்கையையும் தூக்கிப் போட முடியாது. காற்றுத் தரத்தில் நாம் அடிமட்டத்தில் இருப்பதற்கும் 2050 கணிப்புக்கும் சம்பந்தமே இல்லை, டெல்லிக் குளிர்காலத்துக்குக் குறியீடு எதற்கு? 2024-ல் 176-வது இடத்துக்கு வந்தோம். அதையும் பெரிய சாதனையாகச் சொல்லாதீர்கள்.

பத்திரிகைச் சுதந்திரக் குறியீடு இன்னொரு வகை. பாரிஸில் இருக்கும் எல்லைகளற்ற செய்தியாளர்கள் அமைப்பு வெளியிடுவது. ஒரு பங்கு செய்தியாளர்கள் மீது நடந்த அத்துமீறல்களின் எண்ணிக்கை, இன்னொரு பங்கு அந்தந்த நாட்டின் செய்தியாளர்கள், ஆய்வாளர்கள், மனித உரிமை ஆர்வலர்களுக்கு அனுப்பும் கேள்வித்தாள். அதாவது விவரம் அறிந்தவர்களின் கருத்து. கருத்து என்பதால் பொய்யாகிவிடாது, ஆனால் எடைக்கல்லில் வைத்த குழந்தையின் எடை மாதிரி அதைப் பேசவும் கூடாது. 2023-ல் இந்தியா 161, 2024-ல் 159. இரண்டு இடம் முன்னேற்றமா? மதிப்பெண் 36.62-லிருந்து 31.28-ஆக இறங்கியிருந்தது! நாம் சறுக்கினோம், சிலர் நம்மைவிட அதிகமாகச் சறுக்கினார்கள், அதனால் மேலே தெரிந்தோம். கூட்டத்தில் ஒரே ஒரு உதாரணம் சொல்ல நேரம் இருந்தால் இதைச் சொல்லுங்கள். அப்புறம், 2022-ல் கணக்கிடும் முறையையே மாற்றினார்கள், ஆகவே 2021-ன் 142-ஐயும் 2022-ன் 150-ஐயும் பக்கத்தில் வைத்து "எட்டு இடம் சரிவு" என்று பேச வேண்டாம்.

யாரை நம்புவது என்று கேட்டிருந்தீர்கள். ஆளை விட்டுவிட்டு எண்ணைக் கேளுங்கள்: இது அளந்ததா, மதிப்பிட்டதா, கருத்தா, கணிப்பா? மேலே உள்ள மூன்று அறிக்கைகளில் நான்கும் கலந்திருக்கின்றன, ஒரே அறிக்கைக்குள்ளேயே கூட.

முடிந்தால் உங்கள் மாவட்டத்துக்கு வந்துவிடுங்கள், கூட்டம் அப்போதுதான் சூடு பிடிக்கும். ஐந்தாவது குடும்ப நல ஆய்வில் மாவட்டவாரி விவரத் தாள்கள் இலவசமாக இருக்கின்றன, சில பக்கங்கள்தான். ஆனால் அந்த ஆய்வு 2017 மார்ச் நிலவரப்படி இருந்த மாவட்டங்களை வைத்தது, எனவே தமிழ்நாட்டுக்கு 32 மாவட்டங்களே இருக்கும். தென்காசிக்காரர்கள் திருநெல்வேலியையும் ராணிப்பேட்டை, திருப்பத்தூர்க்காரர்கள் வேலூரையும் பார்க்க வேண்டியதுதான். தாளில் ஏதாவது எண் அடைப்புக்குறிக்குள் இருந்தால், அது 25 முதல் 49 பேரை மட்டும் வைத்து வந்தது என்று அர்த்தம். அதை மேடையில் அடித்துப் பேசாதீர்கள். எண்ணுக்குப் பதில் நட்சத்திரக் குறி இருந்தால் 25 பேர்கூடச் சிக்கவில்லை, அந்த வரியைத் தாண்டிப் போய்விடுங்கள்.