கைதி நாவலுக்கு நிலம் தேடுபவருக்கு

வணக்கம். 1850களில் சென்னையிலிருந்து சிங்கப்பூருக்கு நாடு கடத்தப்பட்ட ஒரு கைதியின் கதையை எழுதுகிறீர்கள். கதை நிகழும் நிலமாகக் காட்ட இங்கே பழைய இடம் எதுவும் மிஞ்சாததால் மூன்றாம் அத்தியாயத்தில் நின்றுவிட்டதாகச் சொல்லியிருந்தீர்கள். மிஞ்சியிருக்கிறது, நம்புங்கள். கொஞ்சம் நடக்க வேண்டும், அவ்வளவுதான்.

தெலுக் ஆயர் ஸ்திரீட் நாகூர் தர்கா வாசலில் நின்று பாருங்கள். இன்று அங்கிருந்து கடல் தெரியாது. 1830 வாக்கில் அது எழுந்தபோது எதிரிலேயே கரை. தூர்த்த மண்ணுக்கு மேல் இப்போது கட்டடங்கள். கடல் பின்வாங்கியதையே கதையில் கொண்டுவரலாம்.

அப்புறம் செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயம். இந்தியக் கைதிகளின் உழைப்பில் எழுந்தது. அதன் சுவருக்கு மெட்ராஸ் சுண்ணம் பூசினார்கள்: சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு, சர்க்கரை, தேங்காய் மட்டை ஊறிய தண்ணீர். நம் ஊர்க் கைப்பக்குவம்! உங்கள் ஆள் அதைக் குழைக்கட்டும். விரலிடுக்கில் வெள்ளைக்கரு பிசுபிசுக்கிறது, சுண்ணாம்பு தோலை அரிக்கிறது, கண்ணெதிரே சர்க்கரை இருக்கிறது, வயிற்றிலோ பசி. காலனி ஆட்சி என்ற சொல்லே வராமல் அது முழுவதும் அந்தப் பக்கத்தில் வந்துவிடும். ஆளுநரின் ஆணைகளை விளக்கும் பக்கங்களை வெட்டிவிடலாம் என்பது என் கருத்து.

பேச்சு நடைக்குச் சிங்கப்பூர் தேசிய ஆவணக் காப்பகத்தின் தமிழ் வாய்மொழி வரலாற்றுப் பதிவுகளைக் கேளுங்கள். காலம் பிந்தியதுதான், ஆனால் குரல்கள் உதவும்.

சுண்ணம் குழைக்கும் காட்சியை எழுதியதும் இங்கே போடுங்கள். கட்டாயம் படிக்கிறேன்.