5 வாட் போதுமா? – கடிதமும் பதிலும்

வணக்கம் சார்,

உங்கள் தளத்தில் வரும் இசைக் கட்டுரைகளைத் தொடர்ந்து வாசிக்கிறேன். வேளச்சேரியில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பின் மூன்றாவது மாடியில் இருக்கிறேன். கல்லூரி நாட்களிலிருந்து அக்கூஸ்டிக் கிட்டார் வாசித்தேன். போன வருடம்தான் ஒரு ஸ்ட்ராட்டோகாஸ்டர் எலக்ட்ரிக் கிட்டார் வாங்கினேன். ப்ளூஸ், அறுபது எழுபதுகளின் பிரிட்டிஷ் ராக், இவ்வளவுதான் நான் வாசிப்பது. இப்போது கையில் இருப்பது ஒரு சின்ன டிரான்சிஸ்டர் ஆம்ப் (கிட்டார் ஒலியைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபையர்). கண்ணாடிக் குழாய் வால்வுகளில் ஓடும் வால்வு ஆம்பில் வாசித்தால்தான் அந்த ஒலி வரும் என்று எல்லாரும் சொல்கிறார்கள். ஒரு நண்பர் வீட்டுக்கு 5 வாட் போதும் என்கிறார். இன்னொருவர் அதுவே அதிகம், 1 வாட் வாங்கு என்கிறார். கடையில் கேட்டால் 15 வாட்டைக் காட்டுகிறார்கள்.

டிசம்பரில் அத்தான் நியூ ஜெர்சியிலிருந்து வருகிறார். அங்கே பழைய 5 வாட் ஆம்ப் ஒன்று நல்ல விலைக்குக் கிடைக்கிறது, வாங்கி வரட்டுமா என்று கேட்கிறார். கீழ் வீட்டில் வயதான தம்பதி இருக்கிறார்கள், அவர்களையும் யோசிக்க வேண்டும். வால்வு ஆம்பைப் பராமரிப்பது பெரிய வேலை என்கிறார்களே, அது உண்மையா? உங்கள் ஆலோசனை வேண்டும்.

அன்புடன்,
ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

வாட் கணக்கை முதலில் முடித்துவிடுவோம். உங்கள் குழப்பம் முழுக்க அதில்தான் இருக்கிறது.

கிட்டார் ஸ்பீக்கர்கள் மிகக் குறைந்த மின்சாரத்தில் நிறையச் சத்தம் தருபவை. சாதாரணமான ஒன்றுக்கு 1 வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தள்ளி 97 டெசிபல் வரும். நல்ல 12 அங்குல ஸ்பீக்கர் 100 டெசிபலைத் தொடும். வாட் பத்து மடங்கு ஏறினால் 10 டெசிபல் கூடும், அது காதுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்குச் சத்தமாகத்தான் தெரியும். அதாவது 50 வாட் ஆம்பின் முழுச் சத்தம் 5 வாட் ஆம்பைப் போல இரண்டு மடங்கு, அவ்வளவுதான். இப்போது உங்கள் 5 வாட்டை முழுதாகத் திருப்பினால் அந்த 97 டெசிபல் ஸ்பீக்கரில் 104 டெசிபல். 100 டெசிபல் சத்தத்தில் ஒரு நாளைக்கு 15 நிமிடத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்பது அமெரிக்கத் தொழில் சுகாதார நிறுவனமான நியோஷின் வரம்பு. வேளச்சேரி ஃப்ளாட்டில் ஒரு படுக்கையறைக்குள் 104 என்றால் முதலில் உங்கள் காது போகும், அப்புறம்தான் கீழ் வீட்டுப் பெரியவர் மேலே வருவார்.

சரி, திருப்பிப் பாருங்கள். வீட்டில் ராத்திரி எட்டு மணிக்கு டிவியைக் கொஞ்சம் தாராளமாக வைத்தால் 70 டெசிபல் என்று வைத்துக்கொள்வோம். அந்தச் சத்தத்தில் கிட்டார் வாசிக்க அதே ஸ்பீக்கருக்கு எத்தனை வாட் வேண்டும்? ஒரு வாட்டில் ஐந்நூறில் ஒரு பங்கு. ஆம்பின் பின்னால் 1 என்று எழுதியிருந்தாலும் 15 என்று எழுதியிருந்தாலும் நீங்கள் வீட்டில் செலவழிக்கப்போவது அந்த ஐந்நூறில் ஒரு பங்கைத்தான். உங்கள் நண்பர்கள் இருவரும் சண்டை போடுவது நீங்கள் ஒருநாளும் தொடப்போகாத ஒரு எல்லையைப் பற்றி.

சின்ன ஆம்ப் மீது இவ்வளவு ஆசை எங்கிருந்து வந்தது? அதற்கு ஒரு நல்ல காரணம் உண்டு. ஃபெண்டர் நிறுவனம் 1948-ல் சாம்பியன் 800 என்று ஒரு குட்டி ஆம்பைக் கொண்டுவந்தது, மடியில் வைத்து வாசிக்கும் ஸ்டீல் கிட்டார் கற்கும் மாணவர்களை மனதில் வைத்து. அதன் வழியில் வந்ததுதான் சாம்ப். ஐம்பதுகளின் கடைசியில் வந்த சாம்பில் மூன்றே வால்வுகள்: முன்னால் கிட்டார் சிக்னலைப் பெருக்க ஒரு 12ஏஎக்ஸ்7, பவருக்கு ஒரு 6வி6, ஏசியை டிசி ஆக்க ஒரு 5ஒய்3. 8 அங்குல ஸ்பீக்கர், சுமார் 5 வாட், ஒரே ஒரு வால்யூம் குமிழ். மாணவர்களுக்கு என்று செய்த இந்தப் பெட்டியைத்தான் 1970-ல் பிரிட்டிஷ் கிட்டார் கலைஞர் எரிக் கிளாப்டன் மயாமியின் கிரைட்டீரியா ஸ்டூடியோவில் பயன்படுத்தினார். அந்தப் பதிவைக் கேட்டால் மலையளவு ஆம்ப் போல இருக்கும். குமிழைத் திருப்பத் திருப்ப அந்த ஒற்றை 6வி6 தாங்க முடியாமல் ஒலியைச் சிதைத்துத் திணறும், வால்வையும் ஸ்பீக்கரையும் இணைக்கும் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் திணறும், ஸ்பீக்கரின் காகிதமும் திணறும். எல்லாம் சேர்ந்து திணறும்போது வருகிற ஒலிக்குத்தான் நாமெல்லாம் ஏங்குகிறோம்.

ஆனால் அது ஸ்டூடியோவில் நடந்தது. ஆம்பை முழுதாகத் திருப்பிவிட்டு, மைக்கை ஸ்பீக்கரை ஒட்டி வைத்து, பதிவானதைப் பெரிய ஸ்பீக்கரில் கேட்டார்கள். உங்கள் அறையில் 5 வாட்டைத் திணற வைக்க நீங்கள் 104 டெசிபலுக்குப் போக வேண்டும். 1 வாட் என்றாலும் 97. சில ஆம்ப்களில் 0.1 வாட்டுக்குக் குறைக்கும் சுவிட்ச் இருக்கிறது, மார்ஷல் டிஎஸ்எல்1 அப்படிப்பட்டது. அதுவும் 87-ல் போய் நிற்கும். அந்த அளவு பகலில் சரி, ராத்திரியில் முடியாது. ஸ்பீக்கருக்கு முன்னால் சக்தியைக் குறைக்கும் அட்டெனுவேட்டர் கருவியை மாட்டினால் ஆகாதா என்று கேட்பீர்கள். கொஞ்சம் குறைக்க அது நன்றாக உதவும். 104-ஐ 70-க்குக் கொண்டுவர முயன்றால் ஒலி உயிரற்றுப் போகும், ஏனென்றால் ஸ்பீக்கர் அசைவதே இல்லை. பவர் வால்வோ முழு மூச்சில் உழைத்துச் சீக்கிரம் தேயும்.

ஆகவே வீட்டு ஆம்பிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: மெதுவாக வாசிக்கும்போது நன்றாக ஒலிக்கிறதா? இதற்கு மூன்று விஷயங்களைப் பாருங்கள்.

முதலாவது மாஸ்டர் வால்யூம். கெயின் தனி, வால்யூம் தனி என்று இரண்டு குமிழ் இருந்தால் முன்னால் இருக்கும் 12ஏஎக்ஸ்7-ஐ மட்டும் திணற வைத்துவிட்டு மொத்தச் சத்தத்தைக் குறைக்கலாம். பவர் வால்வின் திணறலுக்கு இது முழுதாக ஈடாகாது, ஆனால் நல்ல ஆம்பில் மிக நன்றாகவே இருக்கும். விரலின் அழுத்தத்துக்கு ஏற்ப ஒலி மாறும், கிட்டாரின் வால்யூமைச் சற்றுக் குறைத்தால் அழுக்கு விலகித் தெளியும். ஒற்றைக் குமிழ் சாம்ப் உங்கள் வீட்டில் எப்போதும் 2-க்குக் கீழேதான் நிற்கும். அங்கே அது ஒரு சின்ன, சுத்தமான, கொஞ்சம் மெலிந்த ஒலியைத் தரும். அத்தானின் 5 வாட் ஆம்பில் எத்தனை குமிழ் இருக்கிறது என்று முதலில் கேளுங்கள்.

இரண்டாவது ஸ்பீக்கர். இதைப் பெரும்பாலானவர்கள் கடைசியாக யோசிக்கிறார்கள், நான் முதலிடத்துக்கே கொண்டுவருவேன். சத்தம் குறையக் குறைய நம் காது பாஸை, அதாவது தாழ்ந்த ஒலிகளை, இழந்துவிடும். அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தின் ஃப்ளெட்சரும் மன்சனும் 1933-லேயே இதை அளந்து காட்டினார்கள். மெதுவாக வாசிக்கும்போது எல்லா ஆம்பும் மெலிந்து கேட்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். அதோடு 8 அங்குல ஸ்பீக்கரும் சின்னப் பெட்டியும் சேர்ந்தால் தகர டப்பாவுக்குள் வாசிப்பது போல இருக்கும். 10 அங்குலம் பரவாயில்லை, 12 அங்குலம் என்றால் அதே சின்ன ஆம்ப் வேறு ஆம்ப் ஆகிவிடும். 8 அங்குல ஆம்பை வாங்கிவிட்டாலும் கவலை இல்லை, வெளி ஸ்பீக்கர் மாட்டும் துளை இருந்தால் பிறகு ஒரு 12 அங்குலப் பெட்டியை இணைக்கலாம். ஸ்பீக்கரின் ஓம் (மின்தடை) அளவு ஆம்போடு பொருந்த வேண்டும். வால்வு ஆம்பை ஸ்பீக்கர் இல்லாமல் ஒரு நிமிடம்கூட ஓட்டக் கூடாது, அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் எரிந்துவிடும்.

மூன்றாவது, குமிழ் திரும்பும் விதம். சில ஆம்ப்களில் 1-க்கும் 2-க்கும் நடுவிலேயே எல்லாச் சத்தமும் வந்துவிடும், மயிரிழை அசைத்தால் வீடு அதிரும். கடையில் இதை யாரும் சோதிப்பதில்லை. உங்கள் சொந்த கிட்டாரைக் கொண்டுபோங்கள். கடைக்காரரிடம் பேசிக்கொண்டே வாசிக்க முடிகிற அளவுக்குச் சத்தத்தை வைத்து அரை மணி நேரம் வாசியுங்கள். அவர் உற்சாகத்தில் கூட்டிக் காட்டுவார், வேண்டாம் என்று சொல்லுங்கள்.

இனி அமெரிக்க ஆம்ப். இதில் கொஞ்சம் பொறுமையாக இருங்கள். அங்கே 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். இங்கே 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். நேரடியாக மாட்டினால் அதோடு கதை முடிந்தது. ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வைத்தால் வோல்ட் சரியாகும், ஹெர்ட்ஸ் மாறாது. 60-க்கு என்றே செய்த பவர் டிரான்ஸ்ஃபார்மர் 50-ல் கூடுதலாகச் சூடாகும். கொஞ்சம் பெரிதாகச் செய்யப்பட்டிருந்தால் தாங்கும், சிக்கனமாகச் செய்யப்பட்டிருந்தால் மே மாதச் சென்னையில் தாங்காது. பழைய ஆம்ப் என்பதால் இன்னும் பயம். ஆம்பின் பின்புறத் தகட்டைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். 50/60 ஹெர்ட்ஸ் என்று இருந்தால் மேலே யோசிக்கலாம். வெறும் 60 என்று இருந்தால் விட்டுவிடுங்கள், எவ்வளவு நல்ல விலையாக இருந்தாலும்.

எர்த் விஷயம் இதைவிட முக்கியம். கிட்டாரின் கம்பிகள் ஆம்பின் உலோகச் சட்டத்தோடு இணைந்தவை. ஆம்பில் கோளாறு வந்தால் மின்சாரம் உங்கள் விரலுக்கு வராமல் காப்பது முக்கியமாக எர்த்தான். மலிவான ஸ்டெப் டவுன் பெட்டிகள் பலவற்றில் எர்த் தொடர்பே இருக்காது. பழைய அமெரிக்க ஆம்ப்கள் பலவற்றில் இரண்டு பின் ப்ளக்தான் இருக்கும், அதை மூன்று பின்னாக மாற்றாமல் கையில் தொடாதீர்கள். உங்கள் வீட்டு ப்ளக் பாயிண்டிலும் எர்த் உண்மையிலேயே வேலை செய்கிறதா என்று ஒரு எலக்ட்ரீஷியனை வைத்துப் பார்த்துவிடுங்கள். கரண்ட் போனபோது சதுர அலை இன்வெர்ட்டரில் வாசிக்க வேண்டாம், இரைச்சலும் வரும், டிரான்ஸ்ஃபார்மரும் சூடாகும்.

பராமரிப்பு பற்றிப் பயப்பட வேண்டியதில்லை. முன்னால் இருக்கும் சின்ன வால்வுகள் வீட்டு உபயோகத்தில் பல வருடம் வரும். பவர் வால்வும் உங்கள் சத்தத்தில் நெடுநாள் தாங்கும். ஒற்றைப் பவர் வால்வு உள்ள சின்ன ஆம்ப்கள் பெரும்பாலும் வால்வின் மின்னோட்டத்தைத் தானே சரிசெய்துகொள்ளும் வகை, பழையதைக் கழற்றிப் புதியதைச் செருகினால் போதும். வால்வுகளை ஸ்லோவாக்கியா, ரஷ்யா, சீனாவில் இன்றும் செய்கிறார்கள். வாக்ஸ் என்ற பிரிட்டிஷ் நிறுவனத்தின் ஆம்ப்களில் இருக்கும் ஈஎல்84 நமக்கு அந்நியமும் இல்லை, பெரியவர்கள் வீட்டு வால்வு ரேடியோக்கள் பலவற்றில் ஸ்பீக்கரை ஓட்டியது அதுதான். பெங்களூர் பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனமே ஒரு காலத்தில் அதைத் தயாரித்தது. வெளியிலிருந்து வால்வு மாற்றுவது உங்கள் வேலை, பெட்டியைத் திறப்பது உங்கள் வேலை இல்லை. உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல் இருக்கும், ப்ளக்கைக் கழற்றிய பிறகும் கெப்பாசிட்டரில் அது தங்கியிருக்கும்.

நான் என்ன வாங்கச் சொல்வேன்? நீங்கள் வாசிப்பதை வைத்துப் பார்த்தால் வாக்ஸ் ஏசி4சி1-12 போன்ற ஒன்று. 4 வாட், ஒரு ஈஎல்84, 12 அங்குல ஸ்பீக்கர், கெயினும் வால்யூமும் தனித்தனி. புதிதாகக் கிடைக்காவிட்டால் பழையதைத் தேடுங்கள், 230 வோல்ட் மாடலாக. இடம் மிகக் குறைவு என்றால் பிளாக்ஸ்டார் எச்டி-1. 8 அங்குலம்தான், ஆனால் மெதுவாக வாசிப்பதையே மனதில் வைத்துச் செய்தது. சுத்தமான ஒலிதான் முக்கியம், பணமும் இருக்கிறது என்றால் ஃபெண்டர் பிரின்ஸ்டன் ரிவெர்ப். அது 12 வாட், மாஸ்டர் வால்யூம் கிடையாது, ஆனாலும் குறைந்த சத்தத்தில் அவ்வளவு அழகாக ஒலிக்கும். முன்னால் ஒலியைச் சற்றே சிதைக்கும் நல்ல ஓவர்டிரைவ் பெடல் ஒன்றை வைத்தால் உங்கள் ப்ளூஸுக்குப் போதும். ராத்திரி பத்து மணிக்குப் பிறகு ஹெட்ஃபோனில்தான் வாசிப்பேன் என்றால் வால்வே வேண்டாம், அந்தப் பணத்தில் பல ஆம்ப்களின் ஒலியை டிஜிட்டலாகப் போலச் செய்யும் நல்ல மாடலிங் ஆம்ப் வாங்குங்கள்.

கீழ் வீட்டுக்காரர்களுக்காக ஒன்று. ஆம்பைத் தரையில் வைக்காதீர்கள், பாஸ் தளத்தின் வழியாக நேராகக் கீழே இறங்கும். ஒரு ஸ்டூலில் தடிமனான ரப்பர் விரித்து அதன்மேல் வையுங்கள். ஸ்பீக்கர் காதுக்கு அருகில் வருவதால் குறைந்த சத்தமே போதுமானதாகவும் இருக்கும். ஆம்ப் வந்த முதல் வாரத்தில் யாரையாவது வாசிக்கச் சொல்லிவிட்டு, அனுமதி கேட்டு அவர்கள் வீட்டு ஹாலில் உட்கார்ந்து நீங்களே கேளுங்கள். எந்தச் சத்தம் அவர்களுக்குத் தொந்தரவு என்று அங்கேயே தெரிந்துவிடும், குமிழில் அந்த இடத்தைக் குறித்து வைத்துக்கொள்ளலாம்.

அத்தான் தகட்டுப் படத்தை அனுப்பியதும் எனக்கும் அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்.